அறுவை அரை மணி, ஆறுவது இரண்டு வாரம்

டான்சிலும் அடினாய்டும் எடுக்க அறுவை அரங்கில் ஆகும் நேரம் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. சென்னையில் அதற்காகக் குழந்தையை ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருப்பார்கள்; சில இடங்களில் அன்று மாலையே அனுப்பிவிடுவதும் உண்டு. கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு மூன்று சிரப் பாட்டில், "சாஃப்டா சாப்பிடக் கொடுங்க, ஐஸ்கிரீம் கொடுங்க" என்று ஒரு வரி. அத்தோடு குழந்தை ஆட்டோவில் வீடு வந்து சேரும். அதற்கப்புறம் பத்து முதல் பதினான்கு நாள் வரை நடப்பதெல்லாம் வீட்டு வேலை. அம்மாவும் பாட்டியும், சில வீடுகளில் அப்பாவும் செய்கிற வேலை.

இந்த அறுவையைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி செய்யலாமா வேண்டாமா என்ற வழக்குத்தான். வீட்டில் அந்த இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று சொல்பவர்கள் குறைவு. படித்ததையும், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் கண்டதையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தெரிவது இது: குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அந்த அளவுக்குத் தொண்டை ஆறுகிறது, வலி எவ்வளவு அடங்கியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது குடிக்கும். நம் வீடுகளில் கத்திக்குப் பயப்படுகிறோம், ரத்தத்துக்குப் பயப்படுகிறோம், ஜலதோஷத்துக்குக்கூடப் பயப்படுகிறோம். வலிக்கு மட்டும் "ரெண்டு நாள் பொறுத்துக்கோடா கண்ணா" என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் அந்தப் பழைய வழக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டான்சிலை எடுப்பது மிகப் பழைய வேலை. விரலால் நெம்பிப் பிரித்தெடுக்கும் முறையைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி செல்சஸ் எழுதியிருக்கிறார். மூக்குக்குப் பின்புறம் ஒளிந்திருக்கும் அடினாய்டுதான் வாய்வழி மூச்சுக்கும் காது மந்தத்துக்கும் காரணம் என்று கண்டு 1868இல் எழுதியவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைநாடுகளில் இது கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. எழுத்தாளர் ரோல்ட் டால் 1924இல், எட்டு வயதில், விடுமுறைக்கு நார்வே போன இடத்தில் மயக்கமருந்தே இல்லாமல் தனக்கு அடினாய்டு எடுத்ததைத் தன் இளமைக்கால நினைவுகளில் எழுதியிருக்கிறார். எவ்வளவு தூரம் சடங்காகிவிட்டது என்பதற்கு 1934இல் நியூயார்க்கில் வெளிவந்த ஓர் ஆய்வு சாட்சி. 1000 பள்ளிப் பிள்ளைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை மருத்துவர்களிடம் அனுப்பியதில் 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியதில் அவர்களிலும் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்று வந்தது. மறுபடி மீந்த 116 பேரை இன்னொரு குழுவிடம் காட்டினார்கள், 51 பேர். கடைசியில் ஆயிரம் பேரில் 65 பேர்தான் தப்பினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர்களின் கண்ணுக்குக் குழந்தையின் தொண்டை எப்படித் தெரிந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான்கு வருஷம் கழித்து இங்கிலாந்தின் அலிசன் குளோவர், அங்கே ஊருக்கு ஊர் அறுவை எண்ணிக்கை தாறுமாறாக மாறுவதையும் அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் தென்படவில்லை என்பதையும் எழுதினார்.

அதன்பின் அளவுகோல்கள் வந்தன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் குழு 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்குத்தான் இன்றும் உலகெங்கும் நடக்கிறது: ஒரே வருஷத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 5 முறை, அல்லது மூன்று வருஷம் வருஷத்துக்கு 3 முறை நல்ல தொண்டைப்புண் வந்திருக்க வேண்டும். அதுவும் 'தொண்டை கரகர'ப்பு கணக்கில் சேராது. ஜுரம், சீழ்ப்புள்ளி, கழுத்தில் நெறி என்று மருத்துவர் பார்த்துக் குறித்தது வேண்டும். ஆனால் இப்போது குழந்தைகளுக்கு அறுவை நடப்பதற்குப் பெரிய காரணம் தொண்டைப்புண்ணைவிட மூச்சுத்தான். இரவில் மூச்சு தடைபடுவது, வாயைத் திறந்தபடி தூக்கம், வியர்த்துக் கொட்டுதல், விட்டுவிட்டு வரும் குறட்டை. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பகலில் எரிந்து விழுவதும் படுக்கை நனைவதும் அதனால்தான் என்று தோன்றுவதில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரைப் பார்த்தார்கள். ஏழு மாதம் கழித்து, அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சீரானது; சும்மா கண்காணித்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் சீரானது. நடத்தையும் தூக்கமும் அறுவைக்குப் பின் கூடுதலாகத் தேறின. கவனத்தைச் சோதித்த தேர்வில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மதிப்பெண் ஏறும் என்ற நம்பிக்கையில் தி.நகரிலிருந்து யாராவது தேதி குறித்தால், அந்த நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

முடிவெடுத்தபின் தேதி. பெரும்பாலான வீடுகளுக்குத் தேதி என்றால் பள்ளி விடுமுறை, அதாவது மே மாதம். விடுமுறை சரி. ஆனால் அது அக்கினி நட்சத்திரக் காலம். தண்ணீர் இறங்காத குழந்தைக்குச் சென்னையின் மே மாதம் இரட்டைத் தண்டனை. கத்திரி தொடங்குவதற்கு முன்பே ஏப்ரலில் முடித்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அரையாண்டு விடுமுறையில் வைத்துக்கொண்டால் வெயில் இல்லை, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மழை. அறுவைக்குப் பின் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ரத்தம் கசிய வாய்ப்புள்ள நாட்கள். அந்த நாட்களில் மருத்துவமனைக்கு அரை மணிக்குள் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையில் யார் எங்கே போக முடிந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மயிலாப்பூர் மாட வீதிக்குள் குடியிருப்பவர்கள் பங்குனிப் பெருவிழா, அறுபத்துமூவர் நாட்களையும், தி.நகர்க்காரர்கள் தீபாவளிக்கு முந்தின பத்து நாட்களையும் காலண்டரில் பார்த்துவிட்டுத் தேதி வாங்கலாம். தீபாவளிப் புகையும் அந்தத் தொண்டைக்கு ஆகாது. மெட்ரோ வேலைக்காக எந்தத் தெரு எந்த வாரம் திருப்பிவிடப்படும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் யாராலும் முடியாது.

அறுவைக்கு முன் மயக்கமருந்து மருத்துவரிடம் வீட்டார் தாமாகவே சொல்ல வேண்டியவை சில உண்டு. ஆறேழு வயசுப் பிள்ளைக்கு ஆடும் பல் இருந்தால் சொல்ல வேண்டும். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருவது, பல் பிடுங்கியபோது யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனது, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் ரத்தம் உறையாமை சார்ந்த சில அரிய நோய்கள் இரு பக்கமிருந்தும் சேர்ந்து பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடுதல். "நாங்க சொந்தத்துலதான்" என்பதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆரிய வைசியக் குடும்பங்களில், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற ஊசியைச் சிதைக்கும் நொதி குறைவாக இருப்பது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஊசியின் வேலை சில நிமிடங்களில் முடியாமல் மணிக்கணக்கில் நீளலாம். முன்பே தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்தைப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். வீட்டில் கொடுக்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் பட்டியலில் சேர்த்துச் சொல்வது நல்லது.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் கண்ணைத் திறந்தும் திறக்காமலும் கதறும், கையில் உள்ள ஊசியைப் பிடுங்கப் பார்க்கும், அம்மாவையே தள்ளிவிடும். வலியால் மட்டும் வருவதல்ல அது. மூளை பாதி விழித்த நிலை. கால் மணி, அரை மணியில் அடங்கிவிடும், குழந்தைக்குப் பிறகு நினைவும் இருக்காது. தெரியாத தாய்க்குத்தான் அது மறக்காது.

இனி வலி. முதல் இரண்டு மூன்று நாள் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்காம் நாள் குழந்தை கொஞ்சம் சிரிக்கும், இட்லி கேட்கும், வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஏழெட்டாம் நாள் வரை தொண்டையில் படிந்த பொருக்கு உதிரத் தொடங்கும். வலி திரும்பும், சில குழந்தைகளுக்கு முதல் நாளைவிட மோசமாக. "நல்லாத்தானே இருந்தான், இப்ப என்னாச்சு" என்று வீடே பதறும். ஆனது ஒன்றுமில்லை, புண் ஆறுகிற வழியே அதுதான். ஆகவே வலி மருந்தை அழுதபிறகு கொடுப்பதைவிட, மருத்துவர் குறித்த இடைவெளியில் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே சரி. முதல் சில நாள் நடுராத்திரி வேளையையும் விடக்கூடாது. ராத்திரி எழுப்பிக் கொடுக்க மனசு வராத வீடுகளில்தான் காலையில் குழந்தை எச்சிலைக்கூட விழுங்காமல் வாயோரம் வழியவிட்டு உட்கார்ந்திருக்கும். அதன்பின் மருந்தையே விழுங்க வைப்பது பெரும்பாடு.

மருந்தின் அளவில் வீடுகள் எங்கே சறுக்குகின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் பாட்டில் லேபிளில்தான். நம் கடைகளில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப் ஒரே வீரியம் கிடையாது. சிலவற்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம்; சிலவற்றில் 5 மில்லிக்கு 250. மருத்துவர்கள் பொதுவாகக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறார்கள். 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். 250 சிரப்பில் அது 6 மில்லி. 120 சிரப்பில் 12.5 மில்லி. போன காய்ச்சலுக்கு வாங்கிய பழைய பாட்டிலையும் புதுசையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடியில் 'வழக்கம்போல்' ஊற்றினால் பாதி மருந்துதான் போகும், இல்லாவிட்டால் இரட்டிப்பாகப் போகும். இதில் இன்னொரு சிக்கல், ஐபுப்ரோஃபென் என்று வாங்குவதில் பல பாட்டில்களில் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும். இரண்டையும் தனித்தனி மருந்தென்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் பாராசிட்டமால் மட்டும் இரண்டு கணக்கு ஏறிவிடும். அளவு மீறிய பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். லேபிளின் சின்ன எழுத்தைப் படிப்பது, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்தின் உட்புறமாக விடுவது, கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறிப்பது ஆகிய மூன்றும் செய்கிற வீட்டில் பெரும்பாலும் தகராறு வருவதில்லை.

ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டுமா என்பது இன்னும் ஓயாத விவாதம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டையுமே பரிந்துரைக்கிறது. அதே 2019இல் 741 பேரை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வில், அறுவை அரங்குக்குத் திரும்பக் கொண்டுபோகும் அளவு ரத்தக்கசிவு பாராசிட்டமால் குழுவில் 1.2 சதவீதம், ஐபுப்ரோஃபென் குழுவில் 2.9 சதவீதம், ஐபுப்ரோஃபென் அதே அளவு பாதுகாப்பானது என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. அதனால் உங்கள் அறுவை மருத்துவர் ஐபுப்ரோஃபென் வேண்டாம் என்றாலும், கொடு என்றாலும், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் சொன்னதையே பிடித்துக்கொள்வது உத்தமம். கோடீன் விஷயத்தில் அந்தத் தயக்கமே வேண்டாம். சில குழந்தைகளின் உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுத்துக் குழந்தைகள் மூச்சடங்கி இறந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கோடீனே கூடாது என்றும், பதினெட்டுக்குட்பட்டோருக்கு இந்த அறுவைக்குப் பின் டிரமடால் கூடாது என்றும் சொன்னது. கோடீன் கலந்த இருமல் மருந்து ஏதாவது வீட்டில் கிடந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆஸ்பிரினும் அப்படியே.

வலி மருந்தில் கஞ்சத்தனம் காட்டும் அதே கை, ஆன்டிபயாடிக்கில் தாராளமாக நீள்கிறது. டான்சில் அறுவைக்குப் பின் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பயன் உண்டா என்று முத்துசாமி திவாகர் முதல் ஆசிரியராக இருந்து எழுதிய கோக்ரேன் மதிப்பாய்வு, சுமார் ஆயிரம் பேர் பங்கேற்ற பத்துச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. வலியையோ ரத்தக்கசிவையோ அது குறைப்பதாகத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்க வழிகாட்டுதலும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இங்கே பல சீட்டுகளில் இன்னமும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் முதல் வரியில் இருக்கிறது, வலி மருந்து 'தேவைப்பட்டால்' என்று கடைசி வரியில். இரண்டும் இடம் மாற வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் ஆறாம் நாள் வாக்கில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழும். மந்தைவெளியில் ஒரு வீட்டில் பார்த்தேன்: பாட்டி சின்ன இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, பூண்டுப் பல் இரண்டைத் தட்டிப் போட்டு, சூடு ஆறியதா என்று புறங்கையில் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி ஏழு வயசு, வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். அவள் காதில் ஒன்றுமில்லை. டான்சில் இருந்த இடத்துக்கும் காதுக்கும் உணர்வு கொண்டுபோவது ஒரே நரம்பின் கிளைகள். தொண்டையில் வலித்தால் மூளை காதில் வலிப்பதாக எடுத்துக்கொள்ளும். காதில் எண்ணெய் விட்டால் தொண்டை ஆறாது. வலி மருந்து வேளை தவறியிருந்தது; கொடுத்தார்கள், முக்கால் மணியில் எழுந்து உட்கார்ந்து டிவி ரிமோட் கேட்டாள். அடினாய்டு எடுத்தபோதே காதுக்குள் டியூப் வைத்த குழந்தையாக இருந்தாலோ, காதிலிருந்து நீர் வழிந்தாலோ சங்கதி வேறு; அப்போது மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் வீடுகளில் உண்மையான போர். மருத்துவர் ஐஸ்கிரீம் என்கிறார். 'குளிர்ச்சி ஆகாது, சளி கட்டும்' என்று ஆயுள் முழுக்க நம்பி வாழ்ந்த பாட்டிக்கு, தொண்டையில் புண்ணோடு இருக்கும் குழந்தைக்கு ஐஸ்கிரீம் என்பது அநியாயமாகப் படுகிறது. மருமகள் டாக்டர் பக்கம், மாமியார் மிளகுப்பால் பக்கம். என்னைக் கேட்டால் ஐஸ்கிரீம் ஒன்றும் மருந்து இல்லை. குளிர்ச்சி புண்ணைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், குழந்தை விரும்பிச் சாப்பிடும், உள்ளே கொஞ்சம் நீரும் சர்க்கரையும் போகும், அதற்காகத்தான் சொல்கிறார்கள். பால் பண்டம் சில குழந்தைகளுக்குத் தொண்டையில் கோழைபோல் ஒட்டுவதாகத் தோன்றும். அவர்களுக்கு இளநீரோ பானைத் தண்ணீரோ மோரோ போதும். முக்கியம் திரவம், அது எந்தக் குளிரில் போகிறது என்பதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். பனங்கற்கண்டுப் பாலை ஆறவைத்துக் கொடுக்கலாம், அதில் மிளகையும் மஞ்சளையும் தூக்கலாகப் போட்டு எரிய வைப்பதுதான் வேண்டாம். தேன் விஷயத்தில் பாட்டிகள் ஜெயித்துவிட்டார்கள்: வலி மருந்தோடு சேர்த்துத் தேன் கொடுத்தால் வலி குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கூடாது.

எவ்வளவு குடிக்க வேண்டும்? குழந்தை மருத்துவர்கள் எடையை வைத்துப் போடும் கணக்குப்படி 15 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 1250 மில்லி, 20 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர். 150 மில்லி டம்ளரில் பத்து டம்ளர். கஞ்சி, பால், மோர் எல்லாம் சேர்த்து. மே மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் என்றால் எந்தக் குழந்தையும் குடிக்காது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கால் மணிக்கு இரண்டு வாய், கார்ட்டூன் விளம்பர இடைவேளையில் இரண்டு வாய் என்று போக வேண்டும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உதடு காய்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கெட்டி உணவு பற்றி உலகம் ஒத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் மருத்துவமனைகள் கொடுக்கும் துண்டுத்தாள்களில் டோஸ்ட் உட்பட வழக்கமான உணவையே மென்று விழுங்கச் சொல்கிறார்கள். தாடை அசைந்தால் தொண்டைத்தசை பிடித்துக்கொள்ளாது, புண்ணும் சுத்தமாகும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவிலும் இங்கேயும் மென்மையான உணவு என்கிறார்கள். நம் சமையலறைக்கு இதில் கஷ்டமே இல்லை. குழைய வடித்த சாதத்தில் பருப்பும் நெய்யும், மிளகும் முந்திரியும் இல்லாத வெண்பொங்கல், பாலில் ஊறவைத்த இட்லி, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ராகிக் கஞ்சி, ஜவ்வரிசிப் பாயசம். தயிர்சாதம் அருமையான உணவுதான், ஆனால் புளிக்காத தயிராக இருக்க வேண்டும், தாளித்த கடுகும் பச்சை மிளகாயும் இஞ்சியும் இருக்கக்கூடாது. ஒரு கடுகு பொருக்கில் போய் ஒட்டிக்கொண்டால் குழந்தை அன்றைக்கு வாயைத் திறக்காது. தக்காளி ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் எரியும். முறுக்கு, தட்டை, அப்பளம், முறுகல் தோசை இரண்டு வாரத்துக்கு இல்லை. குழந்தை நாலைந்து நாள் சாதமே தொடாமல் ஒரு கிலோ இளைத்தாலும் கவலையில்லை. குடித்துக்கொண்டிருந்தால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் எடை திரும்பிவிடும்.

இன்னொரு தடை மயிலாப்பூர்க்காரர்களுக்கு வருத்தம் தரும். கிழக்கு மாட வீதிக் காளத்தி கடை ரோஸ்மில்க் குளிர்ச்சி, இனிப்பு, திரவம், எல்லாப் பொருத்தமும் உண்டு, நிறம்தான் பொருந்தவில்லை. ரோஸ்மில்க், பீட்ரூட், மாதுளைச் சாறு, சிவப்பு ஜெல்லி எல்லாம் இரண்டு வாரம் தள்ளியே இருக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தாலோ துப்பினாலோ அது ரத்தமா ரோஸ்மில்க்கா என்று நடுராத்திரியில் யாருக்கும் தெரியாது.

மொபைல் டார்ச்சை அடித்துத் தொண்டையைப் பார்க்கும் வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக, சில நேரம் மஞ்சளாகப் படலம் தெரியும், வாயும் நாறும். சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து புகைப்படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் பதினைந்து அபிப்பிராயம் வரும். முழங்கால் சிராய்ப்பின் மேல் காயும் பொருக்குத்தான் இது, ஈரமான இடத்தில் இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. முதல் இரண்டு மூன்று நாள் லேசான ஜுரமும் சகஜம். கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைத்துப்போவது, 102 டிகிரிக்கு மேல் ஜுரம் ஆகியவை சகஜம் இல்லை. உப்புத் தண்ணீரை அண்ணாந்து கரகரவென்று கொப்பளிப்பதும், ஆவி பிடிப்பதும் இந்த இரண்டு வாரம் வேண்டாம். முன்னது பொருக்கைப் பெயர்க்கும், பின்னதில் வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வரும் தீப்புண்தான் மிச்சம்.

ரத்தக்கசிவுக்கு வருவோம். பிரிட்டனில் 2003-04இல் ஏறத்தாழ 34 ஆயிரம் டான்சில் அறுவைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள்; பெரியவர்களும் சேர்ந்த அந்தக் கணக்கில் 3.5 சதவீதம் பேருக்கு ரத்தம் கசிந்தது, 0.9 சதவீதம் பேரை மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. சூடு வைத்து வெட்டும் முறைகளில் பிந்தைய கசிவு கூடுதல் என்றும் அந்தப் பதிவு காட்டியது. எந்த முறையில் எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஆபத்து இரண்டு கட்டம்: முதல் 24 மணி நேரம், பிறகு பொருக்கு உதிரும் ஐந்து முதல் பத்து நாள். பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ வீட்டார் கண்ணில் படும். தூக்கத்தில் குழந்தை திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். முதல் நாள் எச்சிலில் கோடுபோல் தெரிவதும், காபித்தூள் நிறத்தில் ஒரு வாந்தியும் பழைய ரத்தம். புதிய சிவப்பு ரத்தம் எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், தானாக நின்றுவிட்டாலும், உடனே கிளம்ப வேண்டும். சிறு கசிவுக்குப் பின் பெருங்கசிவு வருவதுண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காமல், உட்கார வைத்து முன்னால் சாய்த்துத் துப்பச் சொல்ல வேண்டும். தண்ணீரோ சாப்பாடோ கொடுக்கக்கூடாது, மயக்கமருந்து தேவைப்படலாம்.

போகுமிடமும் முக்கியம். தெருமுனை கிளினிக்கில் நிறுத்தினால் அங்கிருந்து மறுபடி அனுப்புவார்கள்; அரை மணி வீண். அறுவை நடந்த மருத்துவமனையில் இரவு நேரத்தில் தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் வருவார்களா என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வர மாட்டார்கள் என்றால் மாற்று இடம் எது என்று அவர்களிடமே கேட்கலாம். அரசுத் தரப்பில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. தனியார் பக்கம் ராஜா அண்ணாமலைபுரத்தில் மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம், நுங்கம்பாக்கத்தில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட். கசிவு அதிகமென்றால் 108. இதே காரணத்துக்காக அந்த இரண்டு வாரத்தில் கும்பகோணத்துக் கோயிலுக்கு நேர்த்திக்கடன், கொடைக்கானல் பயணம், விமானம், நீச்சல் வகுப்பு எதுவும் வேண்டாம். பள்ளிக்கு இரண்டு வாரம் விடுப்பு, பி.டி. வகுப்பு இன்னும் ஒரு வாரம் கழித்து.

இந்தப் பகுதியில் மருத்துவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி குரலைப் பற்றித்தான். பாட்டு வகுப்புக்குப் போகாத பிள்ளை மயிலாப்பூரில் எத்தனை பேர்? அறுவைக்குப் பின் சில வாரம் குரல் மெலிந்தோ மூக்கால் பேசுவதுபோலவோ ஒலிக்கும். தொண்டையில் திடீரென்று இடம் கூடிவிட்டது. அண்ணத்தின் பின்பகுதி அந்த இடைவெளியை அடைக்கப் பழக வேண்டும். சிலருக்குத் தண்ணீர் குடிக்கையில் மூக்கு வழியாகக்கூட வரும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். மூன்று மாதமாகியும் மூக்கொலி போகவில்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். குரல்நாண்கள் இருப்பது டான்சிலுக்கு வெகு கீழே, அங்கே கத்தி போவதில்லை; குரல் 'போய்விடும்' என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. பாட்டு ஆசிரியரிடம் முன்பே சொல்லி மூன்று நான்கு வாரம் முழுக்குரல் பயிற்சியைத் தள்ளிப்போடலாம். வகுப்பில் உட்கார்ந்து தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

'டான்சில் போனால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா' என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. 2018இல் டென்மார்க்கில் 12 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து, சிறுவயதில் இவற்றை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் சுவாச நோய்கள் கூடுதலாக வந்ததாக எழுதினார்கள். ஏற்கெனவே நோயாளியாக இருந்த குழந்தைகளுக்குத்தானே அறுவை செய்கிறோம் என்பது அதற்கு வைக்கப்படும் எதிர்வாதம். அந்த ஆய்வு அதை முழுக்கத் தீர்க்கவில்லை. தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்பதற்கு அது ஒரு காரணம், தேவை உள்ளவர்களைத் தடுப்பதற்கு அல்ல.

முதல் வாரம் முழுக்க வீக்கத்தால் குறட்டை இருக்கும், சிலருக்குப் பழையபடியே பலமாக. அதைக் கேட்டு 'ஆபரேஷன் வீண்' என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் மருத்துவர் ஒருமுறை பார்ப்பார். மூன்று மாதம் கழித்தும் குறட்டையும் வாய்வழி மூச்சும் இருந்தால்தான் தேட வேண்டும்: உடல் எடையா, மூக்கு அலர்ஜியா, அடினாய்டு மிச்சமிருந்து வளர்ந்ததா என்று. அலர்ஜி என்றால் படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் நிற்க வேண்டும், மூக்கு ஸ்பிரே தொடர வேண்டும். தூக்கப் பரிசோதனை தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்ய, குழந்தை தூங்கும்போது மேல்சட்டையைக் கழற்றி, நெஞ்சுக்கூடு தெரிகிற மாதிரி, மின்விசிறிச் சத்தம் இல்லாமல் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துப் போனால் போதும். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.